ராஜபாளையத்தில் ஒரு காலைக் காட்சி

எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான். என் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம். எண்பதுகளின் நடுவில் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் போகும் கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். மாமியாரோடு நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். சிரிப்பு வந்தால் எட்டிப் பார்ப்பேன். அவர் திரும்ப மாட்டார். பெண்டாட்டிதாசன் என்று யாராவது சொல்லிவிட்டால் மானம் கப்பலேறிவிடுமாம்.

நச்சரித்து ஒருநாள் சம்மதிக்க வைத்தேன். ராஜபாளையத்தில் மாடியில் ஜோடியாக உட்காரலாம், அங்கே நம்மை யாருக்குத் தெரியும் என்றேன். வீட்டில், அவர் மில்லுக்குப் போவதாகவும் நான் சித்தி வீட்டுக்குப் போவதாகவும் பொய். அவர் முதல் பஸ்ஸில், நான் அடுத்த பஸ்ஸில்.

பேசும் படம் வந்த புதிதில் எடுத்த பழைய காமெடி அது. நிமிஷத்துக்கொரு பாட்டு. ஊருக்குப் பயந்து, கட்டிய மனைவியையே யாரோ என்று சொல்லித் திரியும் பெரிய மனுஷனின் கதை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தோள் என்மீது இடித்தது. அதை அவர் நகர்த்திக்கொள்ளவில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். நாலு வரிசை முன்னால் எங்கள் எதிர்வீட்டுக்காரி எழுந்துகொண்டிருந்தாள். அவள் முழுசாகத் திரும்புவதற்குள் என் மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனவர்தான், திரும்பி வரவே இல்லை. மீதிப் படத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் காலை அவள் என் மாமியாரிடம் வந்து நின்றாள்.

“மதினி, சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதீக. நேத்து தியேட்டர்ல ஒங்க மருமக பக்கத்துல எவனோ ஒருத்தன் உக்காந்திருந்தான். லைட்டு போட்டதும் மூஞ்சிய மறைச்சுக்கிட்டு எந்திரிச்சு ஓடிட்டான்.”

அடுப்படியில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. சித்தி வீட்டுக்குப் போனதாகச் சொன்னவள் நான். இனி எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? அவர்தான் சொல்ல வேண்டும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“அது நாந்தாம்மா,” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். மாமியார் கோபப்படவில்லை. மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொறவு எதுக்குலே எந்திரிச்சு ஓடுன? கட்டுனவ பக்கத்துல உக்காந்தா கொறஞ்சா போயிருவ?”

அவர் பஸ்ஸுக்கு நடந்தார். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் மறுபடியும் கூட்டிப் போயிருப்பாரோ என்னவோ. இன்றுவரை நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இடைவேளை வரைக்கும்தான்.