கட்டிங் பிரிவில் எங்கள் அக்கா

போர் கொடுத்த வேலை, போர் முடிந்த பிறகு யாருக்குச் சொந்தம்? எங்கள் அக்காவின் வாழ்க்கைதான் இந்தக் கேள்வியை என் முன் வைத்தது.

அக்கா பள்ளிகொண்டாவில் பிறந்தார். அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையான பிறகு, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆம்பூர் ஷூ தொழிற்சாலைக்கு பஸ் ஏறினார். அதனால் நான் தொடர்ந்து படித்தேன். தொழிற்சாலையில் பெண்களுக்குப் பசை தடவுவதும் தைப்பதும்தான் வேலை. தோல் வெட்டும் கட்டிங் பிரிவு ஆண்களுக்கு மட்டுமே.

எல்லையில் சண்டை மூண்ட ஆண்டு, ராணுவ பூட்ஸுக்கு அவசர ஆர்டர் வந்தது. ஆள் போதவில்லை. அக்காவையும் அவருடைய தோழி நசீமா அக்காவையும் வேறு நான்கு பெண்களையும் வெட்டும் இயந்திரத்தில் நிறுத்தினார்கள்.

"தோலு வீணாப் போச்சுன்னா இன்னாம்மா பண்ணுவ?" என்று மூத்த கட்டர் ஒருவர் சீண்டினாராம்.

"மொதல்ல உன் வாயத் தைக்கிறேண்ணா. தையல்ல நான் கில்லாடி," என்றாராம் அக்கா.

தோலின் எந்தப் பகுதி இழுபடும், எது உறுதியாக நிற்கும் என்பதை விரலால் தடவியே அறிய விரைவில் பழகிக்கொண்டார்.

அப்போது நான் வரலாறு முதுகலை மாணவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்காவைப் பற்றித் தேர்வுக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் போர்முனைக்குச் சென்றதும் தொழிற்சாலைகள் பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் கதவைத் திறந்தன. வேலையில்லாத் திண்டாட்டம் மறைந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"சண்ட முடிஞ்சதும் அந்தப் பொம்பளைங்கள இன்னா பண்ணாங்க?"

"நிறைய பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்கக்கா."

"எல்லாரும் சும்மாவா போய்ட்டாங்க?"

போருக்கான உற்பத்தி மும்முரமாக இருந்தபோதே, தலைநகரில் பேரணி நடத்துவோம் என்று எச்சரித்து, போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் பாகுபாடு கூடாது என்ற ஆணையைக் கறுப்பின மக்கள் பெற்றதைச் சொன்னேன். அந்த ஆணையும் முழுப் பாதுகாப்பைத் தரவில்லை என்பதையும், அதே போரில் ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதையும் மறைக்கவில்லை.

"அப்போ, அவங்களுக்கு நம்ம தேவ ஜாஸ்தியா இருக்கும்போதே கேட்டுடணும்."

மறுநாளே ஆறு பேரும் மேலாளர் முன் நின்றார்கள். அவர்களுடைய அடையாள அட்டையில் 'ஹெல்பர்' என்றே இருந்தது; அப்படியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் பழைய வேலைக்கு அனுப்பிவிடலாம். அதைக் 'கட்டர்' என்று மாற்றித் தரக் கேட்டார்கள்.

"ஆர்டர் முடியட்டும்மா, பாத்துக்கலாம்."

"முடிஞ்சா நீங்க எங்களப் பாக்கவே மாட்டீங்க, சார்," என்றாராம் அக்கா.

அக்காவின் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடியது. வேலை போயிருந்தால் என் படிப்பும் நின்றிருக்கும். மூன்று நாள் எந்தப் பதிலும் இல்லை. நான்காம் நாள், ராணுவத்திலிருந்து சரக்கு கேட்டு நெருக்கடி கூடியதும், மேலாளர் கையெழுத்திட்டார்.

ஆர்டர் முடிந்ததும் எதிர்பார்த்தபடியே பசை மேசைக்குத் திரும்பச் சொன்னார்கள். அக்கா அட்டையை எடுத்து நீட்டினார். குடும்ப நெருக்கடியால் இருவர் வேலையை விட்டார்கள். நால்வர் இயந்திரத்திலேயே நிலைத்தார்கள். ஆனாலும் போரை அக்கா ஒருநாளும் நன்மை என்று சொன்னதில்லை. அந்த பூட்ஸை அணிந்து போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்களோ என்று வருந்துவார்.

சென்ற ஆண்டு நோய் அவரை எங்களிடமிருந்து பிரித்தது. வேலூர் மருத்துவமனையில் எங்களோடு முறைவைத்து உடனிருந்த நசீமா அக்காவுக்கும், இரத்தம் தந்த கட்டிங் பிரிவினருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று அந்தத் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் பெண்களிடம், எந்தப் பிரிவில் வேலை பழக விருப்பம் என்று கேட்கிறார்கள்.