முதலில் எழுந்தவர்

எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெபானியா ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். பிள்ளை பெற்ற மறு ஞாயிறே வாசிக்க வந்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "பாதி எனக்கு, பாதி கோயிலுக்கு. நல்ல பாதி எதுன்னு கேக்காதீங்க" என்பார் அவள் புருஷன் யூர்கிஸ். மர அறுவை ஆலையில் வேலை செய்தவர். கேலி பேசுவாரே தவிர, குறை சொன்னதில்லை.

வம்பு வந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலச் சாப்பாட்டில். லிதுவேனியாவில் எங்களுக்கு அதற்கு மிஞ்சின சாப்பாடு கிடையாது. கறி ஆகாது. மீன், பீட்ரூட் சூப், கசகசாப் பாலில் ஊறிய குட்டி ரொட்டி, அவ்வளவுதான். ஆசீர்வதித்த அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்தால், எல்லாரும் சாப்பிட்டு முடித்துச் சேர்ந்துதான் எழ வேண்டும். முதலில் எழுகிறவர் அடுத்த வருஷம் அந்த மேசையில் இருக்கமாட்டார் என்பார்கள்.

முன்பெல்லாம் கிறிஸ்துமஸ் பூசை நடுச்சாமத்தில். ஒரு சிக்கலும் இல்லை. பிறகு சாமியார்கள் குறைந்துபோய், மூன்று ஊருக்கு ஒரே சாமியார் என்றானதும் எங்கள் பூசை சாயங்காலத்துக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்தால் போதும். ஆர்கன்காரி கோயிலில் முதல் மணி அடித்ததுமே போய்ப் பாடுகிறவர்களைத் தயார் செய்ய வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவில் எழாமல் எப்படிப் போவது?

அந்த வருஷம் மணி அடித்ததும் ஸ்டெபானியா எழப் பயந்து உட்கார்ந்திருந்தாளாம். யூர்கிஸ் சட்டென்று எழுந்து நின்றாராம்.

"நான் எந்திரிச்சாச்சு. இனி உனக்கென்ன பயம்? போய் வாசி."

"அடப்பாவி மனுஷா, வாயைக் கழுவுங்க!"

அதுவே வழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் அவர் எழுவார், அவள் திட்டிக்கொண்டே போவாள். மறு வருஷம் அவர் குத்துக்கல் மாதிரி அங்கேயே இருப்பார். "சாவுக்கே என்னைக் கண்டா சலிப்பு" என்று சிரிப்பார்.

அப்புறம் அவருக்கு நுரையீரலில் புற்று வந்தது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். நார்வேயில் வேலை பார்க்கும் மகள் ரமுனே கிறிஸ்துமஸுக்கு வந்தாள். வந்ததுமே அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கோயிலுக்கு வாசிச்சதெல்லாம் போதும்மா. இந்த ஒரு தடவை அப்பாவோட கடைசிவரைக்கும் உக்காந்து சாப்பிடு. இனிமே கிடைக்காது."

ஸ்டெபானியா சாமியாரிடம் போனாள். "நீ இல்லாம பாலன் பிறப்புப் பூசையாம்மா?" என்று கேட்ட அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"எங்க வீட்லயும் ஒரு பூசை இருக்கு சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அந்தச் சாயங்காலம் நடந்ததை ரமுனேதான் எனக்குச் சொன்னாள். மணி அடித்தது. அம்மா எழவில்லை. ஆனால் கரண்டியைக் கீழே வைத்தவள் திரும்ப எடுக்கவே இல்லை. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தார்.

"அப்பா! உக்காருங்க!"

"உங்களை எந்திரிக்கச் சொல்லி இங்க யாரு அழுதா?" ஸ்டெபானியாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எந்திரிச்சாச்சுடி. இனி உக்காந்தா மட்டும் என்ன ஆகப்போகுது? நீ இங்க இருந்தும் இல்லாமத்தானே இருக்கே. போ." மூச்சு இரைத்தது அவருக்கு.

அவள் போனாள். அன்று வாசித்ததுபோல் மோசமாக அவள் என்றைக்குமே வாசித்ததில்லை.

தவக்காலம் தொடங்குமுன் யூர்கிஸை அடக்கம் செய்தோம். அவரைக் கொன்றது நோய், சந்தேகமில்லை. ஆனால் கல்லறையில் மண் போட்ட கையோடு ரமுனே, "கடைசியில கோயில்தாம்மா ஜெயிச்சுது" என்றாள். அதன்பிறகு அவள் ஊர்ப்பக்கம் வரவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு ஸ்டெபானியாவை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அன்றைக்கு யாரையும் தனியாகச் சாப்பிட விடக்கூடாது. வந்தாள். அப்பம் பிட்டோம். அவள் நாலு வாய் சூப் குடித்திருப்பாள், மணி அடித்துவிட்டது.

அவள் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று வருஷம் முழுக்க வாய் கிழியப் பேசும் என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் குழந்தையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். நான் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். இத்தனை பேர் இருந்தும் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

"பரவாயில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டெபானியா எழுந்தாள்.