எஸ்தர் கையெழுத்துப் போடாத பதிலுரை

அன்று காலை தாம்பரம் கோர்ட் வராண்டாவில் ஒரு வழக்குக்கு வாய்தா வாங்கக் காத்திருந்தபோது, வக்கீல்கள் வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. எஸ்தர் மேடம் விடியற்காலை மாரடைப்பில் காலமானார். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'ரொம்ப நல்லவங்க. பிழைக்கத் தெரியாதவங்க.' அதற்குப் பத்துப் பேர் இதயம் போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. அந்தப் பத்துப் பேரும் எஸ்தரைத் தெரிந்தவர்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நானும் எஸ்தரும் ஒரே வருடம் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டவர்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இரண்டு மேசை, ஒரு பீரோ, ஒரு மின்விசிறி. பதினெட்டு வருடம் அந்த அறையைப் பகிர்ந்துகொண்டோம். எனக்குக் குடும்ப வழக்குகள். அவளுக்குத் தண்ணீர்: ஏரி, கிணறு, போர்வெல், லாரி, கம்பெனிக் கழிவு. "நீ புருஷன் பொண்டாட்டிய பிரிச்சு வை, நான் ஏரியையும் கால்வாயையும் சேத்து வைக்கறேன்" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

தண்ணீர் வழக்கு எதையும் அவள் நடக்காமல் எழுத மாட்டாள். இது நம் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும், சிலருக்கு நகைச்சுவையும்கூட. தாலுகா ஆபீசில் வாங்கிய நில அளவைப் புலப்படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூவுடன், ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் ஆரம்பித்து உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும் வழியெல்லாம் நடப்பாள். ஒரு தடவை நானும் போனேன். ஊரப்பாக்கம் தாண்டி ஒரு சேற்றில் என் செருப்பு மாட்டிக்கொண்டது. "கோர்ட்டுக்குப் போற செருப்போடவா வந்தே? நல்லா வேணும்" என்று சிரித்தாளே தவிர, கை கொடுக்கவில்லை.

இனி சொல்லப்போகும் வழக்கில் ஊரையும் ஆளையும் மாற்றியிருக்கிறேன். தாம்பரத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவில் எத்தனையோ ஏரிகள். எது என்று என்னைக் கேட்காதீர்கள். ஏன் சொல்ல மாட்டேன் என்பது கடைசியில் விளங்கும்.

ஏரிக்கரையில் கிணறு வைத்திருந்த ஒருவர் ராத்திரி பகல் பாராமல் மோட்டார் போட்டு லாரி லாரியாகத் தண்ணீர் விற்றார். பக்கத்துக் குடியிருப்பில் போர்வெல்கள் எல்லாம் காற்றைக் கக்கின. அதை நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்ட குடியிருப்போர் சங்கத்துக்கு எஸ்தர் வக்கீல். லாரிக்காரர் தன் எதிர்மனுவில், 'சங்கத்தினரே நீர்வழியை அடைத்து வீடு கட்டியவர்கள்' என்று ஆதாரம் எதுவும் காட்டாமல் ஒரு வரி போட்டிருந்தார். அந்த வாரம் எஸ்தருக்குக் காய்ச்சல். பதிலுரையை நான் தட்டச்சு செய்தேன். எதிராளி எழுதியதைப் பத்தி பத்தியாக மறுத்துக்கொண்டே போவது எங்கள் தொழிலின் பழக்கம், கை தானாக அடிக்கும். அப்படியே அதையும் மறுத்து, 'எங்கள் மனைகளில் எக்காலத்திலும் நீர்வழி எதுவும் இருந்ததில்லை' என்று அழகாக எழுதி வைத்தேன்.

காய்ச்சல் விட்டதும் அவள் நடக்கப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து புலப்படத்தை என் மேசையில் விரித்தாள். கலங்கலிலிருந்து கிளம்பிய கால்வாய்க் கோடு நேராகச் சங்கச் செயலாளரின் காம்பவுண்டுச் சுவருக்குள் போனது. அடுத்து இரண்டு தெருக்கள். அதற்கப்புறம் சுவடே இல்லை.

"அவங்க நிரூபிக்கட்டும்ப்பா. நாம ஏன் அவங்க வேலையச் செய்யணும்?" என்றேன்.

"நிரூபிக்கட்டும். நானா போய்ச் சொல்லப் போறதில்ல. வாய மூடிக்கறது என் வேலை சுமதி. பொய் சொல்றது என் வேலை இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு நீ நெனைக்கறே பாரு, அதுதான் எரிச்சலா இருக்கு."

"எல்லாரும் எழுதறதுதானே?"

"நீ போடற டைவர்ஸ் கேஸ்ல பொய் சொன்னா அந்த ரெண்டு பேரோட போயிடும். தண்ணி கேஸ்ல பொய் சொன்னா, கோர்ட்டுக்கே வராதவன் வீட்டுக்குள்ள தண்ணி போய் நிக்கும். அவனுக்கு யாரு வக்கீல்?"

சங்கச் செயலாளரை வரச்சொன்னாள். ஓய்வுபெற்ற அதிகாரி, மரியாதையான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"மேடம், ஆயுசு முழுக்க சம்பாதிச்சுக் கட்டின வீடு. அப்ரூவல் இருக்கு. வாய்க்கால் மேல உக்காந்திருக்கோம்னு நாங்களே சொல்லணுமா?"

"சொல்லச் சொல்லல சார். இல்லைன்னு சொல்லாதீங்க. அந்த ஒரு பத்திய எடுத்துடலாம். லாரி கேஸ் அது இல்லாமலே நிக்கும். அப்புறம் நீங்களாவே போய், தெருவுக்கு அடியில குழாய் போட்டு தண்ணிக்கு வழி விடறோம்னு எழுதிக் குடுங்க. நான் கூட வரேன்."

"நீங்க எங்களுக்கு வக்கீலா, ஏரிக்கு வக்கீலா?"

"உங்களுக்குத்தான். அதனாலதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

அவர் வேறு வக்கீலிடம் போனார். வேறு வக்கீல் வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று எழுதி, வழக்குக் கட்டைக் கொடுத்தாள் எஸ்தர். வந்த கட்சிக்காரரைக் கைநழுவ விட்டாள் என்று கோர்ட் கேண்டீனில் அன்று முழுக்க இதே பேச்சு. நானும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் லாரிக்காரரே மாடியேறி வந்தார். "இன்னா மேடம், அவனுங்க உங்கள கயட்டி வுட்டானுங்களாமே. நம்ம சைடு வந்துடுங்க. நம்ம லாரிக்காரனுங்க கேஸ் பூரா உங்களுக்குத்தான். நீங்க அங்க நடந்துகினு ஏதோ படம் பாத்தீங்களாமே, அத்த மட்டும் குட்த்துடுங்க."

"எந்தப் படம்?" என்றாள் எஸ்தர். "அவங்க என்னை வேணாம்னு சொல்லிட்டாங்க. அவங்க விஷயத்த நான் வெளிய சொல்லலாம்னு சொல்லல. எழுந்து போங்க."

அந்தப் படம் தாலுகா ஆபீசில் மனுப் போட்டால் கிடைக்கும் என்றுகூட அவள் சொல்லவில்லை. தன்னை அவமானப்படுத்திவிட்டுப் போனவர்களுக்காக அந்த ஒரு வாக்கியத்தையும் விழுங்கினாள். பிழைக்கத் தெரியாதவள் என்று எழுதிய நண்பரே, உங்களால் முடியுமா? என்னால் முடிந்திருக்காது.

புது வக்கீல் என்னுடைய அதே பத்தியை அப்படியே போட்டார். லாரிக்காரருக்கு எதிராகத் தடை உத்தரவும் வாங்கிவிட்டார். ஆமாம், பொய் ஜெயித்தது. அடுத்து வந்த ஐப்பசி மழையில் கலங்கல் தண்ணீர் போக இடமில்லாமல், பள்ளத்தில் இருந்த ஓட்டு வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றது. அதைக் காட்டி, பார்த்தீர்களா என்று நான் கேட்க மாட்டேன். ஒரு சொட்டு மழை பெய்யாமல் இருந்திருந்தாலும் அவள் செய்ததுதான் சரி.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் அந்தச் செயலாளர் வந்தார். எஸ்தரின் நாற்காலியில் உட்காரப் போனவரை என் பக்கம் உட்காரச் சொன்னேன். வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று அவர் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம்.

"வாய்க்கால் எதுவும் இல்லைன்னு எஸ்தர் மேடம்தான் சொன்னாங்க, நம்பிட்டோம்னு பதில்ல போடப்போறோம். நீங்க அதே ஆபீஸ். ஒரு அபிடவிட் குடுத்தீங்கன்னா போதும்மா. அவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

"சார், அப்படிப் போட்டீங்கன்னா, அந்தப் பொய்க்குப் பதில் சொல்ல நானே கூண்டுல ஏறுவேன்" என்றேன்.

அவர் பயந்த குரலில் கேட்டார்: "போடலைன்னா? எங்களுக்கு எதிரா ஏதாவது சொல்லிடுவீங்களா?"

"மாட்டேன். அவகிட்ட நீங்க பேசினது இந்த ரூமை விட்டு வெளிய போகாது. போயிட்டு வாங்க."

அவர் படியிறங்கிப் போனார். அந்த வாய்க்காலின் சர்வே நம்பரை ஜிஎஸ்டி ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் முதல்முறையாக அவளை நினைத்து அழுதேன்.

எஸ்தர் எனக்கு விட்டுப்போனது அந்த மனிதரின் ரகசியத்தை. அதைக் காப்பேன். அவள் பெயரையும் காப்பேன். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டு இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது என்று இன்னமும் எவராவது சொன்னால், மாடிக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.