பேர் பதிஞ்சாச்சு

சிறுகடைகளைப் பதிவு செய்வதை எளிதாக்க வந்த வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றின் பலனை மதிப்பிட, இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தையல் கடை வைத்திருந்த செல்வராணியிடம், “பேர் பதிஞ்சிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“பதிஞ்சாச்சுங்க.”

மற்றக் கடைக்காரர்களும் அதையே சொன்னார்கள். திட்டம் வெற்றி என்று எழுதிக்கொடுத்தேன். அதை நம்பி, இனித் தேவையில்லையென்று பதிவுக்கு உதவிய அலுவலகத்தை மூடிவிட்டார்கள்.

மறுமுறை போனபோது செல்வராணியின் தையல் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. பதிவில்லாத கடையென்று பாடசாலைச் சீருடை தைக்கும் ஓடரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

“அன்னைக்குப் பதிஞ்சாச்சுன்னு சொன்னீங்களே?”

“தோட்டத்து வேலைக்குப் பதிஞ்சதைத்தான் சொன்னேங்க. இங்க பேர் பதியிறதுன்னா அதுதானே?”

நான் பக்கத்து நகரமான ஹட்டனின் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன். இங்குள்ளவர்களின் பேச்சு தெரியும் என்றுதான் என்னை அந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள்.