நாற்பத்தேழாம் நம்பர் கோட்டு

மேலே சாம்பல் கோட்டு, கீழே அரைக்கால் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பின்னால் தொங்கவிட்ட வெள்ளைப் போர்வைக்கு முன் நின்றுகொண்டு, "இடுப்புக்கு மேல மட்டும் எடுப்பா. தொப்பை தெரிஞ்சுது, கொன்னுடுவேன்" என்கிறார் என்னிடம். மூச்சை இழுத்துப் பிடித்தால் முகம் சிவக்கும். விட்டால் பொத்தான் தெறிக்கும். இரண்டுக்கும் நடுவில் நான் போனில் படம் எடுக்க வேண்டும்.

சலவைக் கடைக்காரர். பக்கத்துக் கடையில் நான் சாவி வெட்டுகிறேன். அவர் தேய்த்த சட்டையின் மடிப்பு விரலைக் கிழிக்கும் என்பதால் தெருவில் அவருக்கு 'மடிப்பு' என்றே பெயர். கோட்டுகள் எல்லாம் வாடிக்கையாளர்களுடையவை. வாரம் ஒன்று. படம் எடுத்ததும் மறுபடி தேய்த்து உறையில் போட்டுவிடுவார்.

"நான் என்ன திருடுறேனா? துணிக்குக் கொஞ்சம் காத்து காட்டுறேன்."

கூடப் படித்தவன் ஒருவன் காரில் சாய்ந்து நின்று இணையத்தில் படம் போட்டானாம். அன்றைக்குப் பிடித்த பித்து. இஸ்திரிப் பெட்டி சூடேறுவதற்குள் பத்துத் தடவை போனைப் பார்ப்பார். முதல் லைக் எப்போதும் என்னுடையதுதான்.

துணி கைமாறும்வரை காலரில் குத்திய நம்பர் சீட்டைக் கழற்றக் கூடாது. அது தொழில் விதி. படத்துக்கு மட்டும் உள்ளே மடித்துவிடுவார். சாம்பல் கோட்டில் மறந்துவிட்டார். நானும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, தான் தேய்க்கக் கொடுத்திருந்த அந்தக் கோட்டை வாங்க அவருடைய மகளின் வகுப்பு வாத்தியார் வந்தார். போனைத் திருப்பிக் காட்டினார். காலர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு எட்டிப் பார்த்தது: நாற்பத்தேழு.

"உங்க பொண்ணு கிளாஸ்ல எல்லாருக்கும் காட்டுச்சு, எங்கப்பா கோட்டுன்னு." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் சொல்லல. என்னைவிட உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு, சார்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சரிபார்க்க வெளியே எடுத்த கோட்டை மறுபடி உறைக்குள் நுழைத்துக் கொடுப்பதற்குள் மடிப்பு நாலு தடவை தடுமாறினார். எதற்கும் நக்கல் அடிக்கிற நான், சாவியே வைக்காமல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பையும் தோளுமாக மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, நாளைக்கு பேரன்ட்ஸ் மீட்டிங். அந்த கிரே கோட்ட போட்டுட்டு வாங்கப்பா. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

மடிப்பின் கை பின்கழுத்துக்குப் போய், வெளுத்துப்போன தன் சொந்தச் சட்டையின் காலருக்குள் சீட்டைத் தேடியது.