ஒரு வருடத்துப் பூச்சு

இந்த நாட்டில் பலகைக்குப் பூச்சு வாங்கப் போனால், என்ன நிறம் வேண்டும் என்று முதலில் கேட்கமாட்டார்கள். எத்தனை வருடத்துக்கு வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ஜெர்மனியில், வுப்பர்டாலில் நாங்கள் வீடு வாங்கி, பின்பக்கம் செடார் பலகையால் டெராஸ் என்கிற திறந்த தளம் போட்ட வருடம் அது. ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் மூன்று தகரங்களை எடுத்து வைத்தார். வெறும் எண்ணெய் ஒரு வருடம், லசூர் என்கிற சாயம் கலந்த பூச்சு இரண்டு வருடம், கடும் நிறத்து லசூர் நாலு வருடம் தாங்குமாம். ஒன்றும் பூசாமலும் விடலாம், மரம் தன்பாட்டில் நரைத்துவிடும் என்றார். தலைக்கே மை பூசுகிற ஆளிடம் சொல்கிற கதையா இது?

நான் ஒரு வருடத் தகரத்தைத் தூக்கினேன். "அப்படியென்றால் ஒவ்வொரு வசந்தத்திலும் பூசவேண்டுமே" என்றார். "அடுத்த வசந்தம் நான் இங்கே இல்லை" என்றேன். பாவம், எனக்கு ஏதோ தீராத நோய் என்று நினைத்திருக்கவேண்டும். முகம் வாடிப்போய், ஒரு தூரிகையைச் சும்மா தந்துவிட்டார்.

என் மனைவி றீற்றா இந்த 'அடுத்த வருடம்' என்ற சொல்லோடு பதினைந்து வருடம் குடித்தனம் நடத்தியவள். அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து நான் அதைத்தான் சொல்லுகிறேன். ஊரில் இதை எங்கே போடுவது என்று, முதற் குளிருக்குச் சப்பாத்துக்கூட வாங்கவில்லை. கோப்பை கழுவுகிற வேலைக்குப் பனிக்குள்ளால் செருப்போடு நடந்து, ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தேன். புத்தி வரவேயில்லை. வீடு வாங்கியதும் அவள் பிடித்த பிடிதான். இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று ஒரே ஒரு தடவை என் வாயால் கேட்டுவிடவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

எண்ணெயைப் பூசிக் கால் மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்கவேண்டும் என்று தகரத்தில் எழுதியிருந்ததாம். நான் எங்கே வாசித்தேன்! பூசினதைத் துடைக்க எனக்கென்ன விசரா? மகள் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற விருந்துக்கு முதல் நாள், மினுங்கட்டும் என்று மூன்று பூச்சுப் போட்டேன். ஜெர்மன்காரர் என்றால் சப்பாத்தோடு ஏறித் தப்பியிருப்பார்கள். பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனிலிருந்து வந்த எங்கடை சனம் புதுத் தளத்தைக் கண்டதும் மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறியது.

"அண்ணை, காலைத் தூக்க ஏலாமல் கிடக்கு!" என்று ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு நின்று கத்தினார். கடைசியில் ஆட்கள் வந்தார்கள், காலுறைகள் வரவில்லை. எல்லாரும் வயிறு பிடித்துச் சிரித்தார்கள், றீற்றாவைத் தவிர.

அடுத்த வசந்தம் வந்தது. நானும் இங்கேதான் இருந்தேன். கழுவி, காயவிட்டு, முழங்காலில் நின்று பூசினேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. ஊரில் பேச்சு முறிந்து சண்டை மூண்ட வருடமும் பூசினேன். பக்கத்து வீட்டு ஹெர் க்ரௌசெ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வருடம் தவறாமல் பராமரிக்கிறீர்கள். நீங்கள் எங்களைவிட ஜெர்மன்காரர்" என்றார். நான் நாளைக்கோ நாளையின்றைக்கோ போகப்போகிறவன் என்று அந்த மனிசனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? "யா, யா" என்று சொல்லிவைத்தேன்.

ஐந்தாம் வசந்தம் நான் கடைக்கு வெளிக்கிட, றீற்றா நாலு வருடத் தகரத்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"இஞ்சை பாருங்கோ, போறதெண்டால் போங்கோ, நான் மறிக்கேல்லை. இதைப் பூசிப்போட்டுப் போங்கோ. நான் இருக்கப்போறன்."

அவளில்லாமல் நான் எங்கே போகிறது? பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தேய்க்கிற மெசினை எடுத்துவந்து இரண்டு நாளாகப் பழைய எண்ணெயை உரித்து, நாலு வருடப் பூச்சைப் பூசினேன். என் கதிரை போடுகிற கரையில் ஒரு பலகையை மட்டும் விட்டுவிட்டேன்.

"அதென்ன அது?" என்றாள்.

"இருப்பம் றீற்றா" என்றேன், ஒருவழியாக.

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனாள். இப்போதும் வசந்தம் வந்தால் அந்த ஒற்றைப் பலகைக்கு மட்டும் நிறமில்லாத ஒரு வருட எண்ணெய் பூசுகிறேன். வீட்டுக்கு வருகிற சனம், நான் அதைப் பூச மறந்துவிட்டேன் என்று நினைக்கிறது.