மாமாவுக்கு வலித்தது எந்த முட்டி

"சின்ன வயசுல என்ன சாப்பிட்டீங்க, எப்பருந்து முட்டி வலிக்குதுன்னு கேக்குறியே, உனக்கு வேற வேலையே இல்லையாடி? ஆஸ்பத்திரியில நோயாளிகளப் பாத்துக்குற மிஸ்ஸியா இருந்தா வீட்டுக் கிழவியையும் விடமாட்டியா?" என்று பேத்தியை விரட்டினேன். அவள் பேனாவை மூடவில்லை. சரி, எழுதிக்கொள் என்றேன்.

ஜப்பான்காரன் காலத்தில் சுவா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அரிசி கண்ணில் படாது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் அதே கிழங்கு, இரவில் அதன் கீரை. எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், யாருடைய விலா எலும்பையும் எண்ணலாம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர்தான் சோறு சாப்பிட்டார். எங்கள் வீட்டு இரண்டு படி ஏறுவதற்குள் நான்கு முறை முட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பார்.

சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்ததும் என் மாமா, அம்மாவின் தம்பி, நொண்ட ஆரம்பித்தார். கிழங்கு வாயு முட்டியில் இறங்கிவிட்டதாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதே கிழங்கைத்தான் நானும் தின்றேன். நாள் முழுக்க ஓடினேன். அவர் முட்டிக்கு எண்ணெய் தடவுவது என் வேலை. ஒருநாள் இடது முட்டியைக் காட்டுவார், மறுநாள் வலது. வீட்டுக்குள் நுழைந்த கோழியை விரட்டும்போது இரண்டுமே நன்றாக இருக்கும்.

ஒரு காலை மண்டோர் பேர் எழுத வந்தார். மாமா நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

"எல்லாருந்தான் கிழங்கு திங்கிறாங்க. உனக்கு மட்டும் என்னடா முட்டி?"

மாமா என்னைப் பாவமாகப் பார்த்தார். நானும் உதவினேன்.

"மண்டோரய்யா, மாமாவுக்கு நேத்து இந்தக் காலு. இன்னிக்கு அந்தக் காலு."

பென்சில் நின்றது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

"வாயு ஒரே எடத்துலயா குந்தியிருக்கும்? உங்களுக்கு எப்படி, மண்டோரய்யா? எப்பவும் ஒரே முட்டிதானா?"

மண்டோர் குனிந்து தன் முட்டிகளைப் பார்த்தார்.

"மாறி மாறித்தான்லா வருது. ஆனா நான் கிழங்கே தொடுறதில்லையே?"

"உங்களுக்கு அது சோத்து வாயு. பாதியாக் கொறைச்சுட்டுக் கிழங்கு தின்னுங்க. மிஞ்சுற அரிசி வீட்டுல இருந்தாக்கூட ஆகாது. இங்க குடுத்துவிடுங்க."

பென்சில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. எதிர்வீட்டு அண்ணனுக்கு இரண்டு முட்டியும் நன்றாக இருந்தன. லாரியில் ஏறிப் போனார், திரும்பவே இல்லை.

எங்களுக்கு அரிசிப் பொட்டலம் வந்தது. மண்டோர் மெல்ல மெல்ல இளைத்தார். பிறகு ஒருநாள் "அம்மாடி" சொல்லாமலே படி ஏறினார். மாமாவுக்கு நோய் தந்த கிழங்கு மண்டோருக்கு எப்படி மருந்தானது? கேட்டால் அம்மா முறைத்தாள். சோற்றைக் குறைத்து எடையை இறக்கினால் முட்டி தாங்கும் என்று பேத்தியும் இன்று அம்மா சொன்னதையேதான் சொல்கிறாள். ஆனால் மிஞ்சும் அரிசியை அவள் கேட்பதில்லை.

பேர் எழுத வந்த அன்று மண்டோர் படி இறங்கியதும் என் முதுகில் அம்மாவின் அறை விழுந்தது. உள்ளதைச் சொன்னதற்கு ஏன் அடி என்று விளங்காமல் அழுதேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அம்மா சொன்னாள்:

"எந்தம்பிக்கு வாயு முட்டியில எறங்குச்சு. இவளுக்கு மண்டையில ஏறிருச்சு. இவ சொல்றத யாரும் நம்பிறாதீங்க."